ஈர நாட்டில் பாலைச் செடிகள்

கள்ளி இனங்களை விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் வைத்து அழகு பார்க்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அரிய செடிக்கு விலை மிகுதி; விலை மிகுந்த இடத்தில் களவும் மிகும். சில்லி நாட்டுப் பாலையில் மட்டுமே வளரும் கோப்பியாப்போவா என்னும் கள்ளிகளை, ஆயிரத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையில் 2020இல் இத்தாலியக் காவல்துறையினர் கைப்பற்றினர்; மறு ஆண்டு அவற்றுட் பெரும்பகுதி தாய்நாட்டிற்குத் திரும்பியது. தென்னாப்பிரிக்காவிலோ, கூழாங்கல் போன்ற கோனோஃபைட்டம் முதலான செடிகள் 2019 முதல் இலட்சக்கணக்கில் பிடுங்கப்பட்டுள்ளன.

மழை காணா நாட்டுச் செய்திகளுக்கும், ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஜொகூருக்கும் என்ன உறவு? உறவு உண்டு. பழைய பால்மரத்தையோ, ஆற்றோர மரத்தையோ அண்ணாந்து பார்ப்போர், தடித்த இலைகளுடன் பட்டையைப் பற்றிப் படரும் கொடிகளைக் காண்பர். அத்தகைய கொடிகளுள் ஒன்று ஹோயா. மெழுகில் வார்த்தாற் போன்ற விண்மீன் வடிவப் பூக்கள் இதில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். எருக்கம்பூவைக் கண்டவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. இரண்டும் ஒரே குடும்பம். தமிழ்நாட்டு வறண்ட கரடுகளில் வளர்ந்து, பஞ்ச காலத்தில் பசி தணித்த கள்ளிமுளையானும் அக்குடும்பத்தினதே. 1810இல் இராபர்ட் பிரௌன் என்னும் தாவர நூலார், தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயரை இக்கொடிக்கு இட்டார். தோட்டக்காரர் ஒருவரின் பெயர் செடிக்குச் சூட்டப்பட்டது மகிழத்தக்கதே.

மழை நாட்டுக் கொடிக்குச் சதைப்பற்றுள்ள இலை எதற்கு? அது மண்ணில் வேரூன்றுவதில்லை. மழைநீர் பட்டையின்மேல் வழிந்து ஓடிவிடும். சற்று வெயில் அடித்தாற் பட்டை காய்ந்துவிடும். தரையெல்லாம் ஈரமிருக்க, மரத்தின்மேல் ஒரு சிறு பாலை! ஆகவே கொடி இலையிலே நீரைச் சேர்த்து வைக்கிறது. மேலும், பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவிலே திறந்து கரியமிலவாயுவை உட்கொள்கிறது. அது புளிப்பு அமிலமாகத் தங்கியிருந்து, மறுநாள் வெயிலில் உணவு ஆக்கப் பயன்படுகிறது. பாலைக் கள்ளிகள் செய்வதும் இதுவே. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாற்ற வந்து, பின்னர் கும்பினியாரிடம் தாவர ஆய்வாளராக அமர்ந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளியின் இலை காலையில் புளித்தும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசந்தும் இருப்பதை 1813இல் ஒரு கடிதத்திற் குறித்தார். நாவே அவருடைய ஆய்வுக்கருவி!

இனி விலையின் கதைக்கு வருவோம். ஹோயா இலையில் வெள்ளையோ இளஞ்சிவப்போ கலந்திருந்தால் சேகரிப்போர் போட்டியிட்டு வாங்குவர். அரிய செடிகளின் வாணிபத்தைக் கட்டுப்படுத்த 1973இல் வாஷிங்டனில் உலக உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. மலேசியாவும் அதனை நிறைவேற்ற 2008இல் சட்டம் இயற்றியது. கள்ளிகள் ஏறக்குறைய எல்லாம் அவ்வுடன்படிக்கைப் பட்டியலில் உண்டு. ஹோயா இல்லை. எனவே காட்டுக் கொடியைக் காப்பது பெரும்பாலும் வாங்குவோர் கையில் இருக்கிறது.

காட்டில் பிடுங்க வேண்டிய தேவையும் இல்லை. கோப்பியாப்போவா மிக மெல்ல வளர்வது; ஹோயா அப்படியன்று. இரண்டு கணு உள்ள தண்டை நறுக்கித் தேங்காய் நாரும் கரித்துண்டும் கலந்த தொட்டியில் நட்டால் வேர்விடும். பூ உதிர்ந்த காம்பை மட்டும் வெட்டலாகாது. பெரும்பாலான வகைகளில் அதே காம்பில்தான் மறுபடியும் பூக்கும். நாற்றுப்பண்ணையில் வளர்ந்த கொடியின் வேர் தொட்டி வடிவில் சுருண்டிருக்கும். வேர் அறுபட்டு, பாசியும் மரப்பட்டைச் சிம்பும் ஒட்டியிருந்தால் அது காட்டிலிருந்து வந்ததென்று ஐயுறலாம்.