மலச்சிக்கல் மருந்தின் பயனை எப்படி அளப்பது?

இரத்த அழுத்தத்தைப் போலக் கருவி காட்டும் எண் நாள்பட்ட மலச்சிக்கலுக்கு இல்லாமையால், அதற்கான மருந்தைச் சோதிப்பவர்கள் நோயாளி நாள்தோறும் பதியும் குறிப்பையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அக்குறிப்பிலும் எல்லாம் கணக்கில் சேர்வதில்லை. முந்தைய 24 மணி நேரத்தில் பேதி மருந்து எதுவும் உட்கொள்ளாமல், வயிறு முழுதும் காலியான உணர்வோடு நிகழும் 'முழுமையான, தன்னியல்பான மலங்கழிப்பு' மட்டுமே எண்ணப்படுகிறது.

குடற்சுவர் செல்களின் ஏற்பி ஒன்றைத் தூண்டி, குளோரைடும் பைகார்பனேட்டும் குடலுக்குள் சுரக்கவும் அவற்றைப் பின்தொடர்ந்து நீர் சேரவும் செய்து மலத்தை இளக்கும் லினாக்ளோடைடு, 2011இல் வெளியான இரு ஆய்வுகளில் ஏறத்தாழ 1,270 பேரிடம் 12 வாரம் சோதிக்கப்பட்டது. உண்மை மருந்து யாருக்கு, உருவத்தில் அதையே ஒத்த மருந்துப்போலி யாருக்கு என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைக்கப்பட்டிருந்தது. நம்பிக்கையே சிலருக்குக் குடலை இளக்கிவிடும் என்பதால் இம்மறைப்பு இன்றியமையாதது.

வாரத்துக்கு மூன்று முறையேனும், முன்னைவிட ஒரு முறையேனும் கூடுதலாக, 9 வாரங்களிலாவது இவ்வாறு மலங்கழித்திருக்க வேண்டும் என்ற கடுமையான இலக்கை எட்டியவர்கள் மருந்து பெற்றோரில் 16 முதல் 21 விழுக்காட்டினரே. மருந்துப்போலி பெற்றோரில் 3 முதல் 6 விழுக்காட்டினர். எதிர்பார்க்கத்தக்கவாறே, முதன்மையான பக்கவிளைவு வயிற்றுப்போக்கு.