வாட்டர் ஹீட்டர் வாங்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பலரும் குளியலறைக்கு வாட்டர் ஹீட்டர் வாங்குகிறார்கள். கடையில் விலையைக் கேட்பவர்கள், அது இழுக்கும் மின்சாரத்தைக் கேட்பதில்லை. 3,600 வாட் ஹீட்டர், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். வீட்டிலுள்ள சாதாரண பிளக் தாங்குவது 13 ஆம்பியர்தான். ஆகவே ஹீட்டருக்கு டிபி பெட்டியிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், முறையான எர்த் இணைப்பு எல்லாம் வேண்டும். பழைய தோட்ட வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை முதலில் சோதித்தாக வேண்டும்.

உயிரைக் காப்பது ஆர்சிடி என்ற சிறு கருவி. மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஈரத்தரை உள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வேண்டும் என்கின்றன 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள். பல வீடுகளில் மொத்த வீட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிடி ஒன்றுதான் இருக்கும். ஆளைக் கொல்ல அதைவிடக் குறைந்த மின்சாரமே போதும்.

ஐம்பது வெள்ளிக்கு மாட்டித்தரும் 'தெரிந்த பையன்' எல்லாத் தாமானிலும் இருக்கிறார். ஹீட்டரில் தள்ளுபடி தேடலாம், இதில் வேண்டாம். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழையுங்கள். அட்டையைக் கேட்டுப் பாருங்கள். புது லைன் இழுத்தால், வேலை முடிந்ததற்கு போராங் ஜி, சோதனைக்கு போராங் எச் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் முதலில். ஹீட்டரில் சிரிம் முத்திரை இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஆர்சிடியின் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் விழவில்லையென்றால், வயர்மேன் வந்து பார்க்கும்வரை பச்சைத்தண்ணீரில் குளியுங்கள்.