ஏற்றமும் இறக்கமும்: மலைப்பாதைக்கு ஏற்ற சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், மார்கழி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், பனித்துளி கொழுந்துகளை விட்டு இன்னும் உதிராதிருந்த நேரத்தில், ஒற்றையடிப் பாதை வழியாக ஒரு தகப்பனாரும் அவருடைய குமாரரும் சைக்கிளில் மேடேறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தகப்பனார் என் நெடுநாளைய நண்பர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 62. அவர் ஏறி வந்தது மின்மோட்டார் பொருத்திய மலைச் சைக்கிள். முப்பது வயதுள்ள குமாரர் மிதித்து வந்ததோ மோட்டார் இல்லாத சாதாரண மலைச் சைக்கிள். உச்சியை அடைந்ததும் நண்பர் மூச்சு வாங்கியபோதிலும் என்னோடு பேசிக்கொண்டே இறங்கினார். குமாரர் ஒரு வார்த்தையும் பேச இயலாமல் கைப்பிடியின்மேல் கவிழ்ந்துகொண்டார்.

ஆனால் மறுபக்கத்து இறக்கத்தில் சிறிது தூரம் சென்றதும், இரவுக் காற்றில் சாய்ந்த சீகை மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. குமாரர் தம் வண்டியை ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்துவிட்டார். நண்பரோ முன்சக்கரத்தை மரத்தின்மேல் ஏற்றிய பின், 23 கிலோ எடையுள்ள அந்த வண்டியின் பின்பாகத்தைத் தூக்க முடியாமல், ஈர மண்ணில் கால் வழுக்கத் தடுமாறி நின்றார். “விடுங்கப்பா, நான் தூக்கிக்கிறேன்” என்று குமாரர் ஓடி வந்தார். எந்த வண்டி உயர்ந்தது என்று கேட்கிறவர்களுக்கு அன்றைய காட்சிதான் என் விடை: ஏற்றத்தில் மோட்டார் துணை செய்யும், இறக்கத்திலும் இடையூற்றிலும் அவரவர் தேகபலமே துணை. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணியே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரு வண்டிகளின் வரலாறும் அமைப்பும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாரின் வட்டாரத்தில், டமால்பைஸ் என்னும் மலையின் சரிவுகளில், 1970-களில் இளைஞர் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மேலே கொண்டுபோய் மண்பாதையில் வேகமாக இறக்கிப் பழகியதிலிருந்து மலைச் சைக்கிளின் வரலாறு தொடங்குகிறது. 1976-இல் அவ்வட்டாரத்தில் ஆரம்பமான பந்தயத்துக்கு ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்று பெயர் வந்த காரணம் கவனிக்கத்தக்கது: ஒருமுறை இறங்குவதற்குள் பின்சக்கரத்து பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துபோகுமாதலால், ஒவ்வொரு தடவையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 1977-இல் அவ்விளைஞர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் இந்தப் பாதைகளுக்கென்றே ஒரு சைக்கிளை வடிவமைத்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம் பெற்றது. மின்சார மலைச் சைக்கிளுக்கும் 2019-இல் கனடாவில் முதல் உலகச் சாம்பியன் பட்டப் போட்டி நடந்தது.

மின்சார வண்டி என்றவுடன் கைப்பிடியை முறுக்கினால் ஓடும் மொபெட்டை நினைத்துக்கொள்ளலாகாது. நல்ல மலைச் சைக்கிளில் மோட்டார் பெடலின் அச்சருகே அமைந்திருக்கும். நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை உணர்ந்து, அதற்குத் தக்கபடி தன் சக்தியையும் சேர்த்துக் கொடுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் தானும் நின்றுவிடும். ஐரோப்பிய விதிப்படி இத்தகைய மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் துணை நின்றுவிட வேண்டும். நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே வரம்புக்கு உட்பட்ட வண்டிகள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. சாதாரண மலைச் சைக்கிள் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ எடை இருக்க, மோட்டாரும் பாட்டரியும் சேர்ந்த வண்டி பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். இந்தப் பத்துக் கிலோ வித்தியாசத்தை ஏற்றத்தில் மோட்டார் மறக்கச் செய்யும். இறக்கமோ அதை நினைவூட்டும்.

ஏற்றத்தில் இருதயத்தின் பாடு

70 கிலோ எடையுள்ள ஒருவர் 14 கிலோ வண்டியில், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில், மூன்று கிலோமீட்டர் தூரத்தை அரைமணி நேரத்தில் ஏறுகிறார் என்று கொள்வோம். அவர் ஏறும் உயரம் 300 மீட்டர். பூமியின் ஈர்ப்பை வெல்வதற்கு மட்டும் அந்த அரைமணி முழுவதும் இடையறாமல் சுமார் 137 வாட் சக்தியை அவர் கால்கள் கொடுத்தாக வேண்டும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் டயர் உராய்வதற்காகும் செலவு வேறு. பழக்கமில்லாத நடுத்தர வயதினர் பலருக்கு இது தாங்கும் எல்லைக்கு அப்பாற்பட்ட பிரயத்தனம்.

‘மெதுவாக மிதித்தால் போயிற்று’ என்று சொல்வதற்கும் இங்கே இடமில்லை. மணிக்கு ஆறு கிலோமீட்டரே மந்தமான வேகம்; அதிலிருந்தும் குறைத்துக்கொண்டு போனால் முன்சக்கரம் தள்ளாடும், சமநிலை தவறும், காலை ஊன்றித்தான் தீர வேண்டும். ஆகவே செங்குத்தான மலைப்பாதையில் புதியவர் ஒருவருக்கு மூச்சு முட்ட ஏறுவது, அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்னும் இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. பயனுள்ள மிதமான உழைப்பு என்னும் நடுநிலை அவருக்குக் கிட்டுவதேயில்லை. அந்த நடுநிலையைக் கிட்டச் செய்வதே மோட்டாரின் தலையாய ஆரோக்கிய நன்மை.

மோட்டார் இருந்தால் அப்பியாசம் வீணா?

மோட்டார் இழுத்துக்கொண்டு போனால் உடலுக்கு என்ன பயன் என்னும் ஐயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆராய்ச்சி இதற்கு ஓரளவு விடை தருகிறது. மலைச் சைக்கிளில் தேர்ந்த 33 பேரை ஒரே பாதையில் இருவகை வண்டியிலும் ஓட்டச் செய்து பார்த்தபோது, மின்சார வண்டியில் அவர்களுடைய சராசரி இருதயத் துடிப்பு சாதாரண வண்டியில் இருந்ததில் ஏறத்தாழ 94 சதவிகிதம் இருந்தது. அதாவது சிரமம் குறைந்ததாக மனத்துக்குத் தோன்றினாலும், இருதயம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. சோதனைக்கு உட்பட்டோர் சிலரே என்பதையும், அவர்கள் பழகியவர்கள் என்பதையும் மறவாமல் இம்முடிவை ஏற்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிப்படி, வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிஷம் வரை கடுமையான உழைப்போ செய்வது நலம். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வாரம் இரண்டு நாளேனும் வேண்டும். உழைப்பின் அளவை அறிய யந்திரம் ஏதும் தேவையில்லை. பேச முடிந்து, பாட முடியாதிருந்தால் அது மிதமான உழைப்பு. சில வார்த்தைகளுக்கு மேல் பேச முடியாதிருந்தால் கடுமையான உழைப்பு. மின்சார வண்டியில் சென்ற என் நண்பர் முதல் நிலையிலும், அவர் குமாரர் இரண்டாம் நிலையிலும் இருந்தனர். இருவருக்கும் பயன் உண்டு. ஆனால் மோட்டாரின் உச்ச விசையிலேயே எப்போதும் வைத்து, கால்களைப் பெயருக்குச் சுழற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பயன் குறைந்துவிடும். மூச்சு இயல்பாகவே இருக்கிறதென்றால் துணையை ஒரு படி குறைத்துக்கொள்வதும், பேச்சு தடைப்படுகிறதென்றால் ஒரு படி கூட்டிக்கொள்வதும் ஒழுங்கு.

இறக்கத்தில் பாரத்தின் கணக்கு

மலைப்பாதையில் பலமாக விழுபவர் பெரும்பாலும் இறக்கத்திலேதான் விழுகிறார். தோளெலும்பும் மணிக்கட்டும் முறிவது அங்கேதான். மோட்டார் வண்டியின் கூடுதல் எடையால், மேலே கண்ட அதே மனிதர் இறங்கும்போது பிரேக்குகள் அடக்க வேண்டிய சக்தி சுமார் பத்திலொரு பங்கு அதிகமாகிறது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் தள்ளும் விசையும் அவ்வாறே அதிகமாகிறது. அதைவிடப் பெரிய அபாயம் இன்னொன்று: மோட்டார் இல்லாத வண்டியில், ஏறத் திறமையுள்ளவரே உச்சிக்கு வருவார், ஆகையால் இறங்குவதற்கு வேண்டிய பயிற்சியும் அவருக்குச் சிறிது வாய்த்திருக்கும். மோட்டாரோ பழகாதவரையும் அரைமணியில் உச்சிக்குக் கொண்டுசேர்த்து, அவர் தேர்ச்சிக்கு மிஞ்சிய சரிவின் தலைப்பில் நிறுத்திவிடுகிறது.

எனவே ஏறும் ஆற்றலைக் கொண்டு பாதையைத் தேர்ந்தெடுக்காமல், இறங்கும் ஆற்றலைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே விவேகம். இறக்கத்தில் சீட்டில் அமர்ந்திராமல் எழுந்து, இரு பெடல்களும் சமமட்டமாக நிற்க, முழங்கையும் முழங்காலும் சற்றே மடங்க, இடுப்பைத் தாழ்த்தி, இரு பிரேக்குகளையும் பதற்றமின்றிச் சீராகப் பிடிக்கப் பழகும்வரை, அகன்ற சாய்வான பாதைகளே போதும்.

முழங்கால், முதுகு, உள்ளங்கை

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு, ஓட்டத்தைப்போல் அதிர்ச்சி தராத சைக்கிள் பொதுவாகத் தகுந்த அப்பியாசம். ஆயினும் பெரிய கியரில் செங்குத்தான மேட்டை அழுத்தி மிதிப்பது முழங்கால் சில்லின்மேல் பாரத்தை ஏற்றும். அத்தகையவருக்கு மோட்டாரின் துணை மெய்யான உதவி. சீட் மிகத் தாழ்ந்திருந்தாலும் முழங்காலின் முன்புறம் நோகும். பெடல் அடியில் இருக்கையில் முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்கும்படி உயரத்தை அமைப்பது முறை. கைப்பிடியை நெடுநேரம் இறுகப் பிடித்தால் உள்ளங்கையின் நரம்பு அழுந்திச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சீட்டின் கோணம் தவறினால் தொடை இடுக்கிலும் அவ்வாறே மரப்பு உண்டாகும். மரப்பு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று. வண்டியை இறக்கி அமைப்பைத் திருத்துவதே கடமை.

யாருக்கு எந்த வண்டி?

நல்ல தேகக்கட்டும், வாரம் மூன்று நாள் பயிற்சி செய்யும் அவகாசமும், கடும் உழைப்பில் விருப்பமும் உடையவர்களுக்குச் சாதாரண வண்டியே சிறந்தது. விலை குறைவு, பழுது குறைவு, வண்டியைத் தூக்குவது எளிது, பாட்டரியைப் பற்றிய கவலையும் இல்லை. நடுவயதைக் கடந்து நெடுநாள் அப்பியாசம் விட்டுப்போனவர்கள், முழங்கால் நோவுள்ளவர்கள், தம்மினும் வலிமையுள்ள குடும்பத்தாரோடு சேர்ந்து போக விரும்புகிறவர்கள் ஆகியோருக்கு மின்சார வண்டி பொருந்தும். ஆனால் அவர்கள் அதைக் கையாளத்தக்க கைவலுவையும் இடுப்பு வலுவையும் தனியே வளர்த்துக்கொள்ள வேண்டும். உடல் சிறுத்தவர்கள் 20 கிலோவுக்கு உட்பட்ட இலேசான மின்வண்டிகளைத் தேடுவது நலம்.

இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உடையவர்கள் வைத்தியரைக் கலந்த பிறகே மலையேற வேண்டும். இருதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து உண்கிறவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண் சரியான அளவுகோல் ஆகாது. பேச்சைக் கொண்டு அளப்பதே உத்தமம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் சட்டைப் பையில் சர்க்கரை வைத்திருக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்கிறவர்களும், எலும்பு நலிந்தவர்களும், விழுந்தால் நேரும் தீங்கு பெரிதென்பதை அறிந்து கரடுமுரடான பாதைகளைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, தலைச்சுற்றல், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்கணமே நின்று, 108-ஐ அழைப்பதில் தயக்கம் கூடாது.

புறப்படுமுன் சில ஜாக்கிரதைகள்

ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் மூன்றும் இருவகை வண்டிக்கும் இன்றியமையாதவை. குளிரில் பாட்டரியின் சக்தி குறையுமாதலால், பாதி தீர்ந்ததும் திரும்பிவிடுவது நல்லது. சக்தி முற்றும் தீர்ந்தபின் அவ்வளவு எடையை மிதித்துக்கொண்டு மேடேறுவது கொடுமையான சிரமம். பாட்டரியை அதற்கென்று வந்த சார்ஜரிலேயே ஏற்ற வேண்டும்; அடிபட்டதையும் உப்பியதையும் ஏற்றவே கூடாது. காப்புக் காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றியும், தோட்டங்களில் உரியவரைக் கேளாமலும் நுழையலாகாது. விடியலிலும் அந்தியிலும் காட்டெருமை பாதைக்கு வரும். அரவமில்லாத வண்டியில் வளைவைச் சுற்றி விரைந்து வருகிறவர் அதன் எதிரே போய் நிற்க நேரும்.

என் நண்பர் இப்போது வாரம் இரண்டு நாள் வீட்டு முற்றத்தில் பாரம் தூக்கிப் பழகுகிறார். பாதையில் மோட்டாரின் துணையை நடுநிலைக்கு மேல் வைப்பதில்லை. வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதியையே நானும் சொல்கிறேன்: விலையைக் கேட்பதற்கு முன்னால், கடையின் வாசலிலேயே, பாட்டரியோடு கூடிய அந்த வண்டியை இரு கையாலும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாகத் தரையில் வைத்துப் பாருங்கள். பாதையில் மரம் விழுந்து கிடக்கும் நாளில் உங்கள் பக்கத்தில் யாரும் இல்லாமற்போகலாம்.