கோப்பை முடிக்கும் கை

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்புச் செங்கல்லில் எழுந்து நிற்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், வேறொரு தேவைக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் காகிதங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாளிகை அன்று. அரசு ஆவணங்களை வைப்பதற்கென்றே 1909இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம். சென்னை ஆவண அலுவலகம் என அந்நாளில் அழைக்கப்பட்ட இதன் பொறுப்பில் இருந்த ஹென்றி டாட்வெல், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலத் தொகுதிகள் பலவற்றைப் பதிப்பித்த வரலாற்றறிஞர்.

இங்குள்ளவற்றுள் தலையாயவை ‘கன்சல்டேஷன்ஸ்’ எனப்படும் ஆலோசனைப் பதிவேடுகள். கிழக்கிந்திய கம்பெனியின் ஆளுநரும் மன்றத்தாரும் கூடிய நாளில் வந்த கடிதம், அதன்மேல் எழுந்த கருத்து, எடுத்த முடிவு, அனுப்பிய பதில் ஆகியவற்றை நாள்வரிசையில் எழுதிவைத்த தொகுதிகள் இவை. ஒரே தொகுதியில் கஞ்சம் கடிதத்தை அடுத்துத் திருநெல்வேலிக் கடிதம் வரக்கூடும் என்பதால், சென்னை மாகாணம் பல மாநிலங்களாகப் பிரிந்த பின்னும் இவற்றைப் பங்கிட இயலவில்லை. ஒடிசா, ஆந்திரம், மலபார் வரலாற்றை ஆராய்வோரும் எழும்பூரை நாட வேண்டியிருக்கிறது.

பழையது முதலில் அழியும் என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. கந்தல் துணியிலிருந்து கையால் செய்த பழைய தாள் வலுவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாளோ அமிலம் மிகுந்து, விரல் பட்டாலே விளிம்பு உதிரும் நிலைக்கு வந்துவிடுகிறது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை, எழுத்தின் வடிவிலேயே தாளை அரித்துத் துளையிடுவதும் உண்டு.

எனினும் பூச்சியும் ஈரமும் அழிப்பதைவிட அலுவலக மேசை அழிப்பதே மிகுதி எனலாம். ஒரு கோப்பை முடிக்கும்போது அதன்மேல் ஓ.மு. என எழுதினால் ஓராண்டும், மூ.மு. என்றால் மூன்றாண்டும், ப.மு. என்றால் பத்தாண்டும் அது வைக்கப்படும், நி.மு. என முடித்தவை மட்டுமே நிரந்தரமாக நிற்கும். வறட்சிக்கு வரி தள்ளுபடி கேட்ட ஒரு கிராமத்தின் மனு அரசாணையாக மாறியிருந்தால் அது காப்பகத்தை எட்டும், மறுக்கப்பட்டு ஓ.மு. ஆகியிருந்தால், அக்கிராமம் கேட்டது என்ற செய்தியே அடுத்த ஆண்டு இராது. ஆகவே எதை நி.மு. ஆக்குவது என்னும் முடிவு, வேலைச்சுமை மிகுந்த ஓர் உதவியாளரின் பொறுப்பில் மட்டும் விடப்படாமல், ஆவணம் அறிந்தவர் ஒருவரும் பார்த்து ஒப்பும் நடைமுறை வட்டாட்சியர் அலுவலகம் வரை வர வேண்டும்.