ஒற்றைக் கண்ணி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பேத்தி புத்தகம் படிக்கத் தொடங்கியிருக்கிறாளாம். குரோஷாவில் ஒரு புக்மார்க் பின்னிக் கொடுக்க ஆசை. ‘பக்கத்து ராஜபாளையத்தில் இத்தனை மில் ஓடுகிறதே, ஒரு கோன் நூல் வாங்கிப் பின்னிவிடலாமா?’ என்று கேட்கிறார்.

பின்னலாம், எரிச்சல்தான் மிஞ்சும். மில்லிலிருந்து கோனில் வருவது பெரும்பாலும் தறிக்குப் போகிற ஒற்றை இழை. கொக்கி ஊசியின் மூக்கு அதைப் பிளந்துவிடும். குரோஷாவுக்கு இழைகளைச் சேர்த்து முறுக்கி, காஸ்டிக் சோடாவில் நனைத்த மெர்சரைஸ்டு நூல்தான் சரி. ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் 1844இல் சோடாவில் போட்ட பருத்தி வலுவானது, சாயத்தை நன்றாகப் பிடித்தது, ஆனால் சுருங்கிப்போனது. சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தால் பட்டுபோல மினுங்கும் என்று ஹொரேஸ் லோ கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருஷம் பிடித்தது. தையல் சாமான் கடையில் 20ஆம் நம்பர் நூல்கண்டு கேளுங்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 840 கஜச் சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பது மில் நம்பர். குரோஷா நூலின் கணக்கு வேறு, போக்கு அதே.

சங்கிலி, சிங்கிள், டபுள் எல்லாம் தையல் வகுப்பில் படித்தது மறக்கவில்லை என்று அவரே எழுதிவிட்டதால் அதற்குள் நான் போகவில்லை. எனக்குத் தீராத வியப்பு வேறொன்றில்.

மில் சங்கை வைத்து நேரம் பார்த்த தெருவில் வளர்ந்தவன் நான். அப்பா ஷிப்டுக்குப் போவார். சித்தி திண்ணையில் உட்கார்ந்து குரோஷா பின்னுவாள். ஸ்வெட்டர் பின்னுகிறவர்களின் ஊசியில் ஐம்பது, நூறு கண்ணிகள் வாய்திறந்து வரிசையாக நிற்கும். குரோஷாவில் அப்படியில்லை. எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஊசியில் மாட்டிய ஒரே ஒரு கண்ணி. மற்றதெல்லாம் முடிந்துபோன வேலை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊசி முடிந்த பின்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் நுழையும். நூலைக் கொத்திக்கொண்டு வெளியே வரும். மேலே ஏறும், பக்கவாட்டில் நடக்கும், வட்டமடிக்கும்.

பூத் தொடுப்பதோடு ஒப்பிட்டால் இதன் ஆபத்து விளங்கும். ஆண்டாள் ஊரில் பூவைப் பற்றிச் சொல்லித் தர நான் யார்? ஆனால் தொடுத்த பூவில் ஒவ்வொரு முடிச்சும் அதனதன் காலில் நிற்கிறது. முழம் போட்டு நடுவில் அறுத்தாலும் சரம் சரம்தான். குரோஷாவில் அந்த ஒற்றைக் கண்ணி நழுவி, யாராவது நூலை இழுத்தால் ஒரு வாரத்து வேலை மடியில் வெறும் நூலாகக் கிடக்கும். ஏழு வயதில், ஏதோ கோபத்தில், சித்தி பின்னிக்கொண்டிருந்த ரேடியோ உறையை அப்படி உருவியிருக்கிறேன். அவள் திட்டவில்லை. நூலைக் கண்டில் திரும்பச் சுற்றிவிட்டு முதல் சங்கிலியைப் போட்டாள்.

இந்த ஒற்றைக் கண்ணிதான் எந்திரத்துக்குப் பிடிபடவில்லை. காலுறை பின்னும் எந்திரத்தை வில்லியம் லீ 1589இலேயே செய்துவிட்டார். கண்ணிகள் வரிசையாக நின்றால் ஊசிகளையும் வரிசையாக நிறுத்தலாம். குரோஷா பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். மூத்தவன் மில்லுக்குப் போய் நானூறு வருஷம் ஆகிறது, இளையவள் இன்னும் திண்ணையில் இருக்கிறாள். குரோஷா மெஷின் என்ற பெயரில் விற்பது நாடாவும் ஜரிகை ஓரமும் பின்னுவதற்கு. பார்வைக்கு அப்படி இருக்கும், பின்னல் வேறு. ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் முன்மாதிரி ஒன்று செய்து பார்த்திருக்கிறார்கள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து கதிர்கள் சுழலும் ஊரில், ஒரு புக்மார்க்கைப் பின்ன இன்றும் ஒரு ஜோடிக் கைதான் வேண்டும்.

ஆகவே கடையில் நூறு ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா பையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உண்மையான குரோஷா என்றால் அது யாரோ ஒரு பெண்ணின் பல மணி நேரம். ஆந்திராவின் நர்சாப்பூரில் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். உலகச் சந்தைக்குப் போன சரக்கு. பின்னியவர்கள் பெயர் மட்டும் ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’. 2024இல் நர்சாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலிக்கும் ஏதாவது குறியீடு கிடைத்தால் தேவலை. எங்கள் வீட்டிலும் அப்பா செய்தது வேலை, சித்தி செய்தது பொழுதுபோக்கு. நன்னூல் ஆசிரியர் புத்தகம் உருவாவதை நூல் நூற்பதோடு ஒப்பிடும்போது புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவன் மதியைக் கதிராகவும் சொல்கிறார். அந்த மரியாதை திண்ணைவரை வரவில்லை.

புக்மார்க்குக்கு வருகிறேன். அகலம் இரண்டு விரல், நீளம் புத்தகத்தைவிட ஒரு விரல் கூட. தடித்த பூ வேலை வேண்டாம், புத்தகத்தின் முதுகு விரியும். குஞ்சம் மட்டும் வெளியே தொங்கட்டும். சிவப்பு நூலென்றால் முதலில் ஈரத்துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா பாருங்கள். விறைப்பாக நிற்கக் கஞ்சி போடச் சொல்வார்கள். போடாதீர்கள், இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது மாதிரி. நனைத்துப் பிழிந்து, துணி விரித்த பலகையில் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவைத்தால் போதும். உங்கள் ஊரில் 1875இலிருந்து பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. பேத்தி அங்கே போகும்போது புக்மார்க்கையும் எடுத்துப் போகட்டும். பக்க மூலையை மடிப்பதை ஆங்கிலத்தில் நாய்க்காது என்பார்கள். ராஜபாளையம் நாய்க்குக் காது மடிந்திருப்பது அழகு, புத்தகத்துக்கு இல்லை.

முடிக்கும்போது நூலை வெட்டி, நுனியைக் கடைசிக் கண்ணி வழியாக இழுத்து இறுக்க மறக்காதீர்கள். சித்தி எனக்காகத் தொடங்கிய புக்மார்க் முக்கால்வாசியில் நின்றுபோயிற்று. என் அகராதிக்குள் இருக்கிறது. கடைசிக் கண்ணி நழுவாமலிருக்க அவள் மாட்டிய ஊக்கு இன்னும் அதில்தான். அதன் துரு இரண்டு பக்கங்களில் இறங்கியிருக்கிறது.