“ஏத்தா, இன்னுமா படிக்கிறே?”

வீட்டில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தால், விசேஷ வீடுகளில் இந்தக் கேள்விக்குத் தப்பவே முடியாது. பி.ஏ.வுக்கு மூன்று வருஷம், எம்.ஏ.வுக்கு இரண்டு வருஷம் என்று கணக்கு உண்டு. டாக்டர் பட்டத்துக்கு? ஐந்தும் ஆகலாம், ஆறும் ஆகலாம். அத்தைமார்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை!

இந்தக் கேள்விக்கு ரொம்பவும் திண்டாடியிருக்கக் கூடியவர்கள், நியூட்ரினோ ஆராய்ச்சியில் இறங்கிய மாணவ மாணவிகள்தாம்.

நியூட்ரினோ என்பது ஒரு நுண்துகள். இந்த வரியைப் படிப்பதற்குள் கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும், கூச்சம்கூடத் தெரியாது! அதைப் பிடிக்க வேண்டுமானால், மற்றத் துகள்களை வடிகட்டச் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும். ஆகவே மலை தேடினார்கள். முதலில் பார்த்தது நீலகிரியில் சிங்காரா. புலியும் யானையும் நடமாடும் காடு என்று அதைக் கைவிட்டார்கள். பிறகு கம்பம் பள்ளத்தாக்கில், தேவாரத்துக்குப் பக்கத்தில், பொட்டிப்புரம் கிராமத்து அம்பரப்பர் மலை. அதைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் குடைந்து, 50,000 டன் இரும்பை அடுக்கிக் கருவி அமைப்பது திட்டம்.

இதற்கென்று 2008-லேயே ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மத்திய சர்க்காரும் 2015-ல் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஆனால், வெடி வைத்தால் தண்ணீருக்கும் காட்டுக்கும் என்ன நேருமோ என்று ஊர் மக்கள் அஞ்சினார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற பூமி. அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியுமா? வழக்குகள் நடந்தன. 2022-ல் தமிழக அரசு, அனுமதி தர இயலாது என்று சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது.

ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரிய கஷ்டமே இதுதான். உழைப்பு நம்முடையது, அது கைகூடுவது பலர் கையில். பணமும் அப்படியொன்றும் கொழிப்பதில்லை. மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 42,000. தனி ஆளுக்குப் போதும். ஆனால் கூடப் படித்த தோழி சொந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசப் பத்திரிகை நீட்டும்போது மனசு சுருக்கென்று குத்தாதா? போதாததற்குக் கல்யாணப் பேச்சு வேறு!

அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீண்தானா? அதுதான் இல்லை. மலை திறக்காவிட்டாலும் மதுரையில் 85 டன்னில் சின்னதாக ஒரு மாதிரிக் கருவி எழுந்தது. வானத்திலிருந்து பொழியும் மியூவான் துகள்களை அதில் அளந்தார்கள். கண்ணாடித் தகடுகளால் ஆன உணர்கருவிகளைச் செய்து சோதிக்கக் கற்றார்கள். கட்டாத கருவி எதையெல்லாம் காணும் என்று கணக்கிட்டே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவர்களும் உண்டு. வீடு கட்டாவிட்டாலும், கற்ற கொத்து வேலை கையை விட்டுப் போகுமா? எந்த நியூட்ரினோ கனமானது என்று அவர்கள் கேட்ட கேள்வியும் சாகவில்லை. சீனாவில் 2025-ல் இயங்கத் தொடங்கிய ஜூனோ என்ற கருவி அதற்குத்தான் விடை தேடுகிறது.

யாருக்கும் தெரியாத ஒன்றை, கடுகளவே ஆனாலும், முதலில் தெரிந்துகொள்கிறாளே, அந்த இன்பத்துக்கு உபகாரச் சம்பளம் ஈடாகாது. ஆனால் அதைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த விசேஷத்தில் அவளைக் கண்டால், “இன்னுமா படிக்கிறே?” என்று கேட்காதீர்கள். “இப்போ என்னத்தா கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கே?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் கொஞ்சம் நீளும். காப்பி ஆறிப் போகும். போனால் போகட்டும், இன்னொரு தம்ளர் போட்டுக்கொள்ளலாம்!