ஹெச்.ஐ.வி.க்கு உள்ளே இருந்து உதவுறது யாரு?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி வந்தது: "வைரஸ் நம்ம செல்லோட புரதங்களைத்தானே பயன்படுத்துது? அந்தப் புரதத்தையே நிறுத்திட்டா என்ன?" கோடு எழுதுற ஆள் நான், எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு. ஒரு புரோகிராம் நம்பியிருக்கிற லைப்ரரியைத் தூக்கிட்டா அது ஓடாதுல்ல?

ஹெச்.ஐ.வி.யையே எடுத்துக்குவோம். அதுகிட்ட இருக்கிறது வெறும் 9 ஜீன். நம்மகிட்ட சுமார் 20,000. அதனால வேலையில பெரும்பகுதியை நம்ம செல்லை வெச்சே முடிச்சுக்குது. முதல்ல சிடி4 என்கிற புரதத்தைப் பிடிக்கும். அது போதாது. பக்கத்துல சிசிஆர்5 என்கிற இன்னொரு புரதமும் வேணும். இது 1996-ல் தெரிய வந்தது.

சிலருக்குப் பிறவியிலேயே சிசிஆர்5 ஜீன்ல 32 எழுத்து விடுபட்டிருக்கும். அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் அப்படியே வந்திருந்தா, பெரும்பாலான ஹெச்.ஐ.வி. வகைகளால உள்ளே நுழைய முடியாது. பெர்லின்ல ஹெச்.ஐ.வி.யோட வாழ்ந்த திமோதி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தப்போ, அப்படிப்பட்ட ஒரு கொடையாளரைத் தேடிப் பிடிச்சு ஸ்டெம் செல் மாற்றினாங்க. 2007-ல் ஒருமுறை, 2008-ல் மறுபடியும். மருந்தை நிறுத்தின பிறகும் வைரஸ் திரும்பி வரலை. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பினதால. எல்லாருக்கும் இதைச் செய்யலாமேன்னு கேட்காதீங்க, அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகலாம்.

சிசிஆர்5-ஐ அடைக்கிற மாத்திரையும் இருக்கு. பேரு மாராவிராக், அமெரிக்காவில் 2007-ல் அனுமதி கிடைச்சது. ஆனா சில வைரஸ்கள் சிஎக்ஸ்சிஆர்4 என்கிற வேற புரதம் வழியா நுழையும். அவங்களுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. அதனால முதல்ல டெஸ்ட், அப்புறம்தான் மருந்து.

இன்னொரு விஷயம், சிசிஆர்5 சும்மா இருக்கிற புரதம் கிடையாது. நோய் எதிர்ப்பு செல்கள் தொற்று இருக்கிற இடத்துக்குப் போக அது வழிகாட்டுது. அது இல்லாதவங்களை வெஸ்ட் நைல் வைரஸ் தொத்தினா, நோயா வெளிப்படுற வாய்ப்பு கூடுதல்.

வைரஸ் வெளியே வர்ற இடம் இன்னும் சிக்கல். புது வைரஸ் செல்லோட சவ்வுல மொட்டு மாதிரி புடைச்சு நிக்கும். கடைசியில அதை வெட்டி விடணும். அதுக்குத் தன்கிட்ட கத்தரி இல்லாததால, டிஎஸ்ஜி101 என்கிற நம்ம புரதத்தைக் கூப்பிடுது. அது எஸ்கார்ட் என்கிற புரதக் கூட்டத்தையே கூட்டிட்டு வந்து வெட்டிக் கொடுக்குது. இதே கூட்டம்தான் நம்ம செல் ரெண்டா பிரியும்போது கடைசி இணைப்பையும் வெட்டுது. அந்தக் கத்தரியை மொத்தமா பிடுங்கினா, வைரஸோட சேர்ந்து நம்ம செல்லும் மாட்டிக்கும்.